தேய்ந்துபோன டோனட்

சிறு வயதில் ஆசை ஆசையாய்த் தின்ற ஒரு பண்டத்தைப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து, அதே பெயருள்ள கடையில் மறுபடி வாங்கித் தின்று பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலோர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "முன்பு மாதிரி இல்லை." உடனே பக்கத்தில் இருப்பவர், "பண்டம் அப்படியேதான் இருக்கிறது, உன் நாக்குக்குத்தான் வயதாகிவிட்டது" என்று சிரிப்பார். இரண்டில் எது உண்மை?

இதை வெறும் அரட்டை என்று தள்ளிவிட வேண்டாம். அளவீட்டைப் பற்றிய நல்லதொரு கேள்வி இதற்குள் இருக்கிறது. ஆனால் அதை ஆராயத் தக்க சான்று வேண்டும். ஒரே கடையில் ஒரே மனிதர் சுட்டு விற்ற பண்டமானால், அவரோடு கதையும் முடிந்துவிடும். ஒரே பெயரில் நூற்றுக்கணக்கான ஊர்களில் கிளை பரப்பி, பல முறை கைமாறி, வழக்குமன்றம் வரை போய்வந்த கடைகளின் பண்டமானால் ஏடுகளில் தடயம் கிடைக்கும். அப்படிப்பட்ட ஒரு பண்டம் வட அமெரிக்காவின் டோனட்.

டோனட்டைப் பார்க்காதவர்கள் மெதுவடையை நினைத்துக்கொள்ளலாம். அதே வட்டம், அதே நடுத்துளை. ஆனால் இது இனிப்புப் பண்டம். மைதா மாவில் சர்க்கரை, முட்டை, கொழுப்பு சேர்த்து, ஈஸ்டிட்டுப் பொங்கவைத்து, ஏறக்குறைய 185 முதல் 190 டிகிரி செல்சியஸ் சூடுள்ள கொழுப்பில் பொரித்தெடுத்து, மேலே சர்க்கரைப் பாகு பூசுவார்கள். துளை அழகுக்காக வந்ததன்று என்பதை வடை சுடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளிப்புறம் கருகுவதற்குள் உட்புறம் வேக வேண்டுமானால், வெப்பம் கடக்கும் தொலைவைக் குறைத்தாக வேண்டும்.

நாக்கின் பங்கு

முதலில் நாக்குக்குரிய பழியை நாக்குக்கே கொடுத்துவிடுவோம். குழந்தைகள் பெரியவர்களைவிடக் கூடுதலான இனிப்பை விரும்புகிறார்கள் என்பது சோதனைகளில் தெளிவாகியிருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவிலுள்ள மோனெல் வேதிப்புலன் ஆய்வு மையத்தினர் வெவ்வேறு செறிவுள்ள சர்க்கரைக் கரைசல்களைச் சுவைக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் தேர்ந்தெடுத்தவை பெரியவர்கள் தேர்ந்தெடுத்தவற்றைவிடச் செறிவு மிக்கவை. விடலைப் பருவத்தின் நடுவில் இந்த விருப்பம் இறங்கிப் பெரியவர்களின் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆகவே, எட்டு வயதில் அமுதமாக இருந்தது முப்பது வயதில் திகட்டினால் வியப்பில்லை. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மணமே (சளி பிடித்தவரைக் கேட்டுப் பாருங்கள்). முதுமையில் அந்த மோப்பத் திறனும் மங்குகிறது. எப்போதோ ஒருநாள் கிடைத்த பண்டத்துக்கு இருந்த அருமை, நினைத்தபோது வாங்க முடிகிற பண்டத்துக்கு இருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் முழுப் பழியையும் நாக்கின்மேல் போடுபவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நாக்குத்தான் மாறியது என்றால், சிறு வயதில் தின்ற எல்லா இனிப்புகளும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்க வேண்டும். அன்று செய்தபடியே வீட்டில் இன்றும் செய்யும் பண்டம் ஏறக்குறைய அப்படியே இருக்க, கடைப் பண்டம் மட்டும் தேய்ந்ததாகத் தோன்றினால், நாக்கு குற்றவாளி அன்று. ஆய்வுக்கூடத்தில் இதை ஒப்பீட்டுச் சோதனை என்போம். இனிக் கடைப் பக்கம் போவோம்.

எங்கும் ஒரே ருசி என்ற வாக்குறுதி

ரஷ்யாவிலிருந்து வந்து அமெரிக்காவில் குடியேறிய அடால்ஃப் லெவிட் என்பவர் 1920-இல் நியூயார்க்கில் டோனட் செய்யும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். மாவை வளையமாக வெட்டிக் கொதிக்கும் கொழுப்பில் தானே விட்டு, தானே புரட்டிப் போட்டு வெளியே தள்ளும் இயந்திரம் அது. விரைவில் அவர் இயந்திரத்தோடு கூட, அதற்கேற்ற அளவில் முன்கூட்டியே கலந்த மாவையும் விற்கத் தொடங்கினார். கலவை ஒன்றாக இருந்தால்தான் இயந்திரம் ஒழுங்காக ஓடும். கலவையும் இயந்திரமும் ஒன்றானபின், எந்த ஊரில் சுட்டாலும் பண்டம் ஒன்றுபோல இருக்கும் அல்லவா?

பின்னால் வந்த பெரிய கடைகள் எல்லாம் நின்றது இந்த அடித்தளத்தின்மேல்தான். வெர்னன் ருடால்ஃப் 1937-இல் வட கரோலினா மாநிலத்தின் வின்ஸ்டன்-சேலம் ஊரில் கிரிஸ்பி கிரீம் என்ற பெயரில் டோனட் சுட்டு மளிகைக் கடைகளுக்கு அனுப்பத் தொடங்கினார். வாசனை தெருவுக்குப் போயிற்று. வழிப்போக்கர்கள் கதவைத் தட்டிச் சூடாகக் கேட்டார்கள். அவர் சுவரில் ஒரு திறப்பு வெட்டி நேரடியாகவே விற்க ஆரம்பித்தார். வில்லியம் ரோசன்பர்க் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குவின்சியில் 1948-இல் திறந்த கடை, 1950-இல் டன்கின் டோனட்ஸ் என்று பெயர் மாறியது. கனடாவின் ஹாமில்டன் நகரில் 1964-இல் டிம் ஹார்ட்டன் என்ற பனி ஹாக்கி வீரர் தம் பெயரில் ஒரு கடை திறந்தார். அடுத்த ஆண்டு அந்தக் கடையை எடுத்து நடத்த வந்த ரான் ஜாய்ஸ் என்ற முன்னாள் காவலர்தான் பின்னர் அதைக் கனடா முழுவதும் பரப்பியவர்.

இக்கடைகளில் கலவை மையத்திலிருந்து வந்தாலும் சுடுவது கடையிலேயே நடந்தது. நள்ளிரவுக்குப்பின் ஒருவர் வந்து மாவு பிசைந்து, பொங்கவைத்து, வெட்டிப் பொரிப்பார். 1980களில் டன்கின் நிறுவனத்தின் தொலைக்காட்சி விளம்பரங்களில், மீசை வைத்த ஒரு தொழிலாளி விடியுமுன் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து, டோனட் சுட நேரமாயிற்று என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்புவார். அமெரிக்கர்கள் அவரைத் தம் வீட்டு மனிதர்போல் நேசித்தார்கள். பண்டம் புதிது என்பதற்கு அவருடைய தூக்கமின்மையே அத்தாட்சி! அதே நிறுவனம், காப்பியில் தோய்த்துத் தின்ன வசதியாகக் கைப்பிடிபோல் ஒரு சிறு நீட்சி வைத்த டோனட் ஒன்றைப் பல ஆண்டுகள் விற்றது. கடைக்குப் பெயர் தந்த பண்டமே அதுதான்; தோய்த்தல் என்பதே 'டன்கின்' என்ற சொல்லின் பொருள். அந்த வடிவத்தைக் கையால்தான் வெட்ட வேண்டும். 2000களின் தொடக்கத்தில் அது கைவிடப்பட்டது. 2019-இல் கடையின் பெயரிலிருந்து 'டோனட்ஸ்' என்ற சொல்லும் போயிற்று.

காய்வதும் பழசாவதும் வேறு வேறு

இந்த வரலாற்றில் பெரும் மாற்றம் எங்கே நிகழ்ந்தது என்று பார்ப்பதற்குமுன், டோனட்டின் பகைவன் யார் என்று தெரிந்துகொள்வது நல்லது.

ரொட்டி பழசாகி விறைப்பதற்குக் காரணம் அது காய்ந்துபோவதுதான் என்று எல்லோரும் நினைக்கிறோம். பிரெஞ்சு வேதியியலறிஞர் பூசாங்கோ 1852-இல் இதைச் சோதித்தார். ஈரம் துளியும் வெளியேறாதபடி ரொட்டியை மூடி வைத்தார். அப்படியும் அது பழசாயிற்று! பழசான ரொட்டியை மறுபடி சூடாக்கினார். அது மீண்டும் மிருதுவாயிற்று. சூடாக்கினால் ஈரம் குறையுமேயன்றிக் கூடாது. ஆகவே, பழசாதல் என்பது ஈரம் போவதால் மட்டும் வருவதன்று. உள்ளே வேறொன்று நடக்கிறது.

அது என்ன என்பதை 20-ஆம் நூற்றாண்டில் எக்ஸ்-கதிர் காட்டிக்கொடுத்தது. டச்சு அறிவியலாளர் காட்ஸ் 1920களின் இறுதியிலும் அதன் பின்னும் ரொட்டியையும் மாவுப்பொருளையும் எக்ஸ்-கதிரில் ஆராய்ந்தார். மாவு வேகும்போது, ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல், ஸ்டார்ச்சுத் துணுக்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன; ஒழுங்காக அடுக்கியிருந்த மூலக்கூறுகள் அவிழ்ந்து கலைகின்றன. மிருதுத்தன்மை இந்தக் கலைவிலிருந்து வருகிறது. ஆறியபின் அந்த மூலக்கூறுகள் சும்மா இருப்பதில்லை. மெல்ல மெல்ல ஒன்றோடொன்று சேர்ந்து மறுபடி படிகங்களாக அடுக்கிக்கொள்கின்றன. படிகம் கூடக் கூடப் பண்டம் விறைக்கிறது. குளிர்பெட்டியில் வைத்த சோறு மறுநாள் பருக்கை பருக்கையாக விறைத்து நிற்பதும், சூடு காட்டினால் இளகுவதும் இதே காரணத்தால்தான்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் படிகமாதல் மிக விரைவாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, சுமார் 4 டிகிரியில். அதாவது, நம் குளிர்பெட்டி எந்த வெப்பநிலையில் இருக்கிறதோ அங்கேதான். ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைத்தால் பூசணம் பிடிக்காது. ஆனால் மேசைமேல் வைத்ததைவிட வேகமாகப் பழசாகும். உறைநிலைக்கு வெகு கீழே, 18 டிகிரி கழிவில், மூலக்கூறுகள் ஏறக்குறைய அசையாமல் நின்றுவிடுவதால் பழசாதலும் நின்றுவிடுகிறது.

டோனட்டுக்கு இன்னொரு துன்பமும் உண்டு. பொரித்தவுடன் மேல்தோல் வறண்டு மொறுமொறுப்பாகவும் உட்புறம் ஈரமாகவும் இருக்கும். ஈரம் சமமாகும்வரை உள்ளிருந்து வெளியே நகர்ந்துகொண்டே இருக்கும். சில மணி நேரத்தில் தோல் நமத்துவிடும், பாகு கசியும். வடையைச் சட்டியிலிருந்து எடுத்த பத்தாவது நிமிடத்தில் தின்பதற்கும் சாயங்காலம் தின்பதற்கும் உள்ள வேறுபாடுதான். சுட்ட கணத்திலிருந்து ஓடத் தொடங்கும் ஒரு கடிகாரம் இந்தப் பண்டத்துக்குள் இருக்கிறது எனலாம். சுடும் இடத்துக்கும் தின்னும் வாய்க்கும் இடையே தொலைவு கூடினால், அந்தக் கடிகாரத்தை எப்படியாவது மெதுவாக்கியாக வேண்டும். ஸ்டார்ச்சு மூலக்கூறுகளோடு பிணைந்து அவற்றைச் சேரவிடாமல் தடுக்கும் மோனோகிளிசரைடுகளும், அவற்றைத் துண்டாக்கும் நொதிகளும் மாவில் இடம் பெற்றது இதற்காகத்தான்.

டோனட் அல்லாத ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். எண்கள் அவ்வளவு தெளிவாக இருக்கின்றன. 1930-இல் சிகாகோவுக்கு அருகில் ஜேம்ஸ் டூவர் என்ற பேக்கரி அலுவலர் உண்டாக்கிய 'ட்விங்கி' என்ற சிறு கேக்கின் உள்ளே முதலில் வாழைப்பழக் கிரீம் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் வாழைப்பழம் கிடைக்காமல் வனிலாக் கிரீம் வந்தது. போர் முடிந்தபின்னும் அதுவே நிலைத்தது. அதன் ஆயுள் 26 நாட்கள் என்று இருந்தது 2012-இல் 45 நாட்களாக நீட்டப்பட்டது. அதே ஆண்டு நிறுவனம் நொடித்து, 2013-இல் புதிய உரிமையாளர்களின்கீழ்ப் பண்டம் கடைக்குத் திரும்பியது. பின்னர் ஆயுள் 65 நாட்களாயிற்று. காரணம் மறைவானதன்று. முன்பு நிறுவனத்தின் லாரிகளே கடை கடையாகப் போய் அடுக்கின. இப்போது பெரிய கிடங்குகள் வழியாகப் போகிறது. கிடங்கில் காத்திருக்க நாட்கள் வேண்டும். ஒரு கேக்கை 65 நாள் மிருதுவாக வைத்திருக்க வேண்டுமென்றால் அதன் உட்பொருள்கள் பழையபடி இருக்க முடியாது என்பதற்கு நாக்கின் சாட்சியம் எதற்கு?

இரவு சுடுபவர் போனார்

இப்போது கனடாவுக்கு வருவோம். டிம் ஹார்ட்டன்ஸ் நிறுவனம் 1995-இல் வெண்டிஸ் என்ற அமெரிக்க உணவுக்கடை நிறுவனத்தோடு இணைந்தது. 2000களின் தொடக்கத்தில் அயர்லாந்து நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து ஒண்டாரியோ மாநிலத்தின் பிரான்ட்ஃபோர்டு நகரில் பெரிய ஆலை ஒன்றை நிறுவியது. டோனட்டுகள் அங்கேயே தயாராகி, விரைந்து உறையவைக்கப்பட்டு, லாரிகளில் நாடெங்கும் சென்றன. கடையில் எஞ்சிய வேலை, அடுப்பில் சூடேற்றிப் பாகு பூசுவது மட்டுமே. 2003-ஐ ஒட்டிக் கடைகளில் மாவு பிசைவதும் பொரிப்பதும் படிப்படியாக நின்றன.

விரைந்து உறையவைப்பதற்குக் காரணம் உண்டு. மெதுவாக உறைந்தால் பனிப்படிகங்கள் பெரிதாக வளர்ந்து பண்டத்தின் மெல்லிய சுவர்களைக் கிழித்துவிடும். விரைவாக உறைந்தால் சிறுசிறு படிகங்களோடு நின்றுவிடும். ஆனால் எவ்வளவு விரைந்தாலும், பண்டம் அந்த 4 டிகிரிப் பகுதியை இரண்டு முறை கடந்தாக வேண்டும்: குளிரும்போது ஒருமுறை, உருகும்போது ஒருமுறை. பூசாங்கோ கண்டபடி, சூடேற்றினால் ஸ்டார்ச்சு இளகும். ஆனால் அதே சூட்டில் ஈரத்தில் ஒரு பகுதி ஆவியாகிவிடுவதால், அந்த மிருதுத்தன்மை நெடுநேரம் நீடிப்பதில்லை.

கடை நடத்தும் உரிமை பெற்றவர்களிடையே இதனால் மனக்கசப்பு வந்தது. உறைந்த டோனட் ஒன்றின் விலை தாங்களே சுட்டதைவிடக் கூடுதலாகிறது என்று சொல்லிச் சிலர் 2008-இல் வழக்குத் தொடுத்தார்கள். ஒண்டாரியோ நீதிமன்றம் 2012-இல் அதைத் தள்ளுபடி செய்தது. அந்த மாற்றம் நியாயமான வணிக முடிவே என்பது நீதிமன்றத்தின் கருத்து. நிறுவனம் தன் பங்கை 2010-லேயே கூட்டாளியிடம் 47 கோடியே 50 லட்சம் கனடிய டாலருக்கு விற்றுவிட்டது. டோனட் சுடும் வேலை எவ்வளவு பெரிய சொத்தாகி ஒரே கூரையின்கீழ் குவிந்துவிட்டது என்பதற்கு இந்தத் தொகை போதும்.

நிறுவனத்தின் வாதத்தையும் கேட்போம். இரவு வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது. விடியற்காலையில் சுட்டதை மாலை ஐந்து மணிக்கு வாங்குபவருக்குப் பன்னிரண்டு மணி நேரப் பழசுதான் கிடைக்கும். விற்காதது குப்பைக்குப் போகும். உறைந்த பண்டத்தை வேண்டும்போது வேண்டிய அளவு சூடேற்றிக் கொள்ளலாம். இதில் உண்மை இருக்கிறது. என் கணிப்பில், நாள் முழுவதும் விற்ற டோனட்டுகளின் சராசரி அப்படியொன்றும் வீழ்ந்திருக்காது. மாலை நேரத்து டோனட் மேம்பட்டும் இருக்கலாம். ஆனால் உச்சம் போய்விட்டது. அப்பாவோடு அதிகாலையில் போய் நின்ற குழந்தைக்குக் கிடைத்த அந்த முதல் தட்டு டோனட் இனி எந்த நேரத்திலும் கிடைக்காது. குழந்தை நினைவில் வைத்திருப்பது சராசரியை அன்று, அந்த உச்சத்தை. ஆலைக் கணக்கில் சராசரிக்கு ஒரு கட்டம் உண்டு, உச்சத்துக்கு இல்லை. இரவெல்லாம் விழித்துச் சுட்ட அந்தத் தொழிலாளியின் உடல்நலத்தை எண்ணிப் பார்த்தால், பழையதற்காக வருந்துவதற்கும் சிறிது தயக்கம் வரத்தான் செய்கிறது.

கொழுப்பிலும் மாற்றம் வந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் நார்மன் 1902-இல் காப்புரிமை பெற்ற முறையில் தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றி இறுகச் செய்த கொழுப்பு (நம் வனஸ்பதி அந்த இனத்தைச் சேர்ந்ததே) டோனட்டுக்கு மிகவும் பொருந்தியது. பொரிக்கும்போது உருகி, ஆறும்போது நுண்ணிய படிகங்களாக உறைந்து, தோலைப் பிசுபிசுக்காமல் வைக்கும். ஆனால் அதிலுள்ள டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குப் பெருங்கேடு என்று தெரிந்தபின், அமெரிக்கா 2015-இல் ஆணையிட்டு 2018 முதல் விலக்கத் தொடங்கியது. இந்தியாவிலும் 2022 முதல் 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. உருகுநிலை வேறுபட்ட கொழுப்பு வந்தபோது வாயில் கரையும் விதமும் மாறிற்று. இந்த மாற்றத்தை மட்டும் நான் எந்தக் குழந்தைப் பருவ நினைவுக்காகவும் குறை சொல்ல மாட்டேன்.

நூறு குச்சிகள்

இவ்வளவு மாறியிருக்க, நிறுவனங்களில் ருசி பார்க்கும் நிபுணர்கள் ஏன் தடுக்கவில்லை? அவர்கள் தூங்கவில்லை. அவர்கள் அளந்த முறையிலேயே வழு இருக்கிறது.

ஜெர்மானிய உடலியலறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் 1834-இல் ஓர் உண்மையை வெளியிட்டார். கையில் தூக்கிப் பார்க்கும் எடைகளில், ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தால்தான் நமக்குத் தெரிகிறது. அதற்குக் குறைந்த வேறுபாடு உண்மையில் இருந்தும் புலனுக்கு எட்டுவதில்லை. இனிப்பைப் பொறுத்தவரை நம் புலன் இன்னும் மந்தம். சர்க்கரையில் இருபதில் ஒரு பங்கைக் குறைத்தால் பெரும்பாலோர் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

உணவு ஆலைகளில் மாற்றங்களைச் சோதிக்க ஒரு முறை உண்டு. 1940களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையில் உருவான முக்கோணச் சோதனை அது. மூன்று மாதிரிகள் கொடுப்பார்கள். இரண்டு ஒன்று, மூன்றாவது வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒருமுறை சரியாகிவிடும். அதைவிட அதிகம் பேர் சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு தெரிகிறது என்று பொருள். அருமையான சோதனை. ஆனால் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள்? இன்று விற்கும் பண்டத்தை, நாளை விற்கப்போகும் பண்டத்தோடு.

கற்பனையாக ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நிறுவனம் விலையுயர்ந்த ஒரு பொருளை ஆண்டுக்கு 5 விழுக்காடு குறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் சோதனை நடக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பின் எஞ்சுவது எவ்வளவு? 0.95-ஐப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 0.60. நூறில் நாற்பது போய்விட்டது. பத்துச் சோதனைகளிலும் பண்டம் தேறிவிட்டது!

முதலாண்டு மாணவர்களுக்கு நான் சொல்லும் எச்சரிக்கை இதுதான். ஒரு மீட்டர் நீளமுள்ள நூறு குச்சிகள் வெட்ட வேண்டுமானால், எல்லாவற்றையும் ஒரே அளவுகோலை வைத்து வெட்டுங்கள். முதல் குச்சியை வைத்து இரண்டாவதையும், இரண்டாவதை வைத்து மூன்றாவதையும் வெட்டிக்கொண்டே போனால், பக்கத்துப் பக்கத்துக் குச்சிகள் சமமாகத்தான் தோன்றும். நூறாவது குச்சியை முதல் குச்சியோடு வைத்துப் பார்த்தால் திகைப்பீர்கள். பாரிசுக்கு அருகே பிளாட்டினம்-இரிடியம் கலவையில் ஒரு மீட்டர் தண்டைச் செய்து 1889 முதல் 1960 வரை பூட்டிப் பாதுகாத்தது எதற்காக? எத்தனை படிகள் எடுத்தாலும் மூலத்தோடு ஒப்பிட முடிய வேண்டும் என்பதற்காகத்தான். 1964-இல் சுட்ட டோனட்டை அப்படிப் பூட்டி வைக்க முடியாது. அதன் மூலப்படி இருப்பது ஒரே இடத்தில்: அதைத் தின்றவர்களின் நினைவில். சராசரி வாடிக்கையாளர் ஆண்டுதோறும் தின்றுகொண்டே வருவதால் அவருடைய அளவுகோலும் பண்டத்தோடு சேர்ந்து நழுவிவிடுகிறது. இருபது ஆண்டு ஊரில் இல்லாமல் திரும்பி வந்து தின்பவர் ஒருவர்தான் முதல் குச்சியை நூறாவது குச்சியோடு வைத்துப் பார்க்கிறார். அவர் சொல்வதை நாம் ஏக்கம் என்று சொல்லிச் சிரிக்கிறோம். அவர் நினைவு பிழையற்றதன்று. முன்பு சொன்னபடி அவர் நாக்கும் மாறியிருக்கிறது. ஆயினும், அவரிடம் இருக்கும் ஒப்பீடு ஆலையில் யாரிடமும் இல்லை.

திரும்பி வந்த செய்முறை

நழுவிய பண்டம் மறுபடி மேலேறியதும் உண்டு. கிரிஸ்பி கிரீமின் கதை அது.

வெர்னன் ருடால்ஃப் 1973-இல் மறைந்தார். 1976-இல் அவருடைய நிறுவனத்தைச் சிகாகோவின் பீட்ரிஸ் ஃபுட்ஸ் என்ற பெரும் உணவு நிறுவனம் வாங்கியது. நூற்றுக்கணக்கான பண்டங்களை விற்கும் அந்த நிறுவனத்துக்கு டோனட் ஒரு கணக்குத்தலைப்பு. செலவைக் குறைக்கச் செய்முறையில் கைவைத்தார்கள். கடைகளில் சாண்ட்விச், சூப்பு முதலியவற்றைச் சேர்த்தார்கள். பழைய பெயர்ச் சின்னத்தையும் மாற்றினார்கள். ருடால்ஃப் காலத்திலிருந்தே கடை நடத்திவந்த உரிமையாளர்களுக்கு இது பொறுக்கவில்லை. அலபாமா மாநிலத்தின் மொபைல் நகரைச் சேர்ந்த ஜோசஃப் மக்கலியர் தலைமையில் அவர்கள் ஒன்றுசேர்ந்து, கடன் வாங்கி, 1982-இல் நிறுவனத்தையே திரும்ப வாங்கிவிட்டார்கள். பழைய செய்முறை வந்தது. பழைய சின்னம் வந்தது. சூடாக விற்பதே தொழில் என்ற கொள்கையும் வந்தது.

ஆறே ஆண்டுகளில் மீட்டதுதான் இதில் கவனிக்கத்தக்கது. பழைய டோனட்டைத் தம் கையால் சுட்டவர்கள் அப்போதும் தொழிலில் இருந்தார்கள். எழுதிய செய்முறையும் இருந்தது. இருபது ஆண்டு கழிந்திருந்தால், எதற்குத் திரும்புவது என்று தெரிந்தவரே இருந்திருக்க மாட்டார்கள். 1950களில் ருடால்ஃப் கடைகளில் ஓடிய 'ரிங் கிங் ஜூனியர்' என்ற டோனட் இயந்திரம் 1997-இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. இயந்திரத்தைக் காட்சிக்கு வைக்கலாம். அதிலிருந்து வந்த பண்டத்தை வைக்க முடியாது.

டிம் ஹார்ட்டன்ஸும் 2024-இல் தன் அறுபதாம் ஆண்டை ஒட்டிப் பழைய டோனட் வகைகள் நான்கைச் சில காலம் மட்டும் கடைக்குக் கொண்டுவந்தது. அவற்றுள் ஒன்று, 1964-இலேயே விற்ற, உலர்திராட்சை இட்ட 'டச்சி'. பெயர் திரும்பியது; கடையில் மாவு பிசைபவர் திரும்பவில்லை.

கிரிஸ்பி கிரீம் கடைகளில் 1990களில் ஒரு சிவப்பு நியான் விளக்கு பரவியது. பொரிப்பானிலிருந்து சூடான டோனட் வரும்போது மட்டும் அது எரியும். மக்கள் விளக்கைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். 2000-இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. விற்பனை கூட வேண்டும் என்ற நெருக்கடியில் டோனட்டுகள் பெட்டிகளில் அடைபட்டு மளிகைக் கடைகளுக்கும் பெட்ரோல் நிலையங்களுக்கும் பெருமளவில் போயின. சில ஆண்டுகளில் நிறுவனம் பெரும் நட்டத்தில் சிக்கியது. அதற்குப் பின்னரும் அதே ஆசை விடவில்லை. மெக்டொனால்ட்ஸ் உணவகங்களுக்கு நாள்தோறும் டோனட் அனுப்பும் ஏற்பாடு 2022-இல் கென்டக்கியில் சோதனையாகத் தொடங்கி, ஏறக்குறைய 2,400 உணவகங்கள்வரை வளர்ந்தது. அங்கே பொரிப்பானும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை; லாரியில் வந்த பெட்டிகள் மட்டுமே. வாங்குவோர் எதிர்பார்த்த அளவு சேரவில்லை. கொண்டுசேர்க்கும் செலவோ மிஞ்சியது. 2025-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாளோடு அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.